வீட்டில் அடைத்து வைத்த திராட்சைச் சாறு: அடியில் துகள், மேலே நுரை. கோளாறு எங்கே?

கொடிப்பந்தல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கொடியில் கருந்திராட்சை மொத்தமும் ஒரே நேரத்தில் பழுத்துவிடுகிறது. விதையுள்ள ரகம், தோல் நன்றாகக் கறுத்திருக்கும், அப்படியே சாப்பிட்டால் கொஞ்சம் துவர்க்கும், ஆனால் சாறாக எடுத்தால் அந்த நிறமும் மணமும் கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் எந்த ஜூஸிலும் கிடைக்காது. சாப்பிட்டது போக, கொடுத்தது போக மீதியை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. பிரிட்ஜில் சில நாளுக்கு மேல் தாங்காது, ஃப்ரீசரில் இடமே இல்லை. அதனால் கண்ணாடி ஜாரில் அடைத்து அலமாரியில் வைக்கும் கேனிங் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று பார்க்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் செய்து சில பாட்டில்கள் கொடுத்தார். மிக்சியில் அரைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, சுடச்சுட ஊற்றி மூடிவிட்டாராம், அவ்வளவுதான். அதில் சில நன்றாகவே இருந்தன, கொஞ்சம் கசப்பு மட்டும். சிலவற்றின் அடியில் கண்ணாடித் தூள் போலப் பளபளவென்று துகள் படிந்திருக்கிறது, பார்த்ததும் பயந்து குழந்தைக்குக் கொடுக்கவில்லை. வேறு சில பாட்டில்களில் ஓரமாக நுரை தெரிகிறது, மூடி மேலே உப்பியிருக்கிறது. அவற்றை இன்னும் திறக்கவில்லை.

என் கேள்விகள்: அந்தத் துகள் என்ன? நுரை ஏன் வந்தது? இது ஆபத்தா, வெறும் ருசிக்கேடா? பிரஷர் கேனர் என்று தனிப் பாத்திரம் வாங்க வேண்டுமா, இல்லை சாதாரணப் பெரிய அண்டாவே போதுமா? சர்க்கரை போடாவிட்டால் கெட்டுப்போகுமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், "நல்லா கொதிக்க வைங்க" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்.

பழரசப்பிரியை பதில்:

வாங்க தோழி. பிரஷர் கேனர் வேண்டாம். திராட்சை புளிப்புள்ள பழம், அதற்குக் கொதிக்கும் தண்ணீரில் ஜாரை முழுக்க மூழ்கவைத்து எடுக்கிற முறையே போதும். ஆழமான அண்டா, அதன் அடியில் போட ஒரு கம்பித்தட்டு, கேனிங்குக்கு என்றே விற்கும் கண்ணாடி ஜார், அதற்கான புதிய மூடி (தட்டை மூடி, அதைப் பிடிக்கும் திருகு வளையம் என இரண்டு பாகம்), ஜாரைத் தூக்க ஒரு இடுக்கி, இவ்வளவுதான் சாமான். கம்பித்தட்டை மறந்துவிடாதீர்கள், ஜார் நேராக அண்டாவின் அடியில் உட்கார்ந்தால் அடிப்பக்கம் விரிசல் விடும்.

உங்கள் நண்பரின் சாறு கசந்ததற்குக் காரணம் மிக்சி. விதை உடைந்தால் அதிலுள்ள துவர்ப்பும் கசப்பும் சாற்றில் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை சர்க்கரை போட்டாலும் நாக்கின் பின்பக்கம் அது தெரியும். விதையில்லாத திராட்சை என்றால்கூட மிக்சியில் அரைத்தது கூழ் கூழாக வரும், துணியில் இறங்கவே இறங்காது. கையால் மசித்தால் போதும், உருளைக்கிழங்கு மசிக்கிற மத்து இருந்தால் இன்னும் சுலபம்.

நான் செய்கிற முறை இது. முதலில் பழத்தைப் பார்த்து எடுங்கள். அழுகியது, பூஞ்சை பிடித்தது, வெடித்துக் கசிந்தது எல்லாம் வெளியே. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நன்றாகப் பழுத்ததே வேண்டும், பாதிக்காய் கலந்தால் புளிப்பு தூக்கும். ஒரு லிட்டர் சாறுக்குச் சுமாராக ஒன்றேமுக்கால் கிலோ பழம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். பழத்தை அலசி, காம்பை முழுக்க நீக்கிவிடுங்கள், காம்பும் துவர்ப்பு விடும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது இனாமல் பூசியது. அலுமினியம், இரும்பு, செம்பு மூன்றும் வேண்டாம், திராட்சைப் புளிப்பு உலோகத்தை அரித்து நிறத்தையும் ருசியையும் மாற்றிவிடும். பழத்தைப் போட்டு லேசாக மசித்து, மூழ்கும் அளவுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் தோல் மிருதுவாகிற வரை வைத்திருங்கள். தளதளவென்று கொதிக்க விட வேண்டாம், புதுத் திராட்சையின் மணமே போய்விடும். அந்தக் கருநிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது, வெதுவெதுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

பிறகு நனைத்துப் பிழிந்த மஸ்லின் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு வடியவிடுங்கள். தானாக வடிந்தால் சாறு தெளிவாக இருக்கும், துணியை முறுக்கிப் பிழிந்தால் அளவு கூடும், ஆனால் கலங்கும். எனக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை, ஆனாலும் பிழிந்த சாற்றைத் தனியாக வைத்து அன்றைக்கே குடித்துவிடுகிறோம்.

இனிமேல்தான் எல்லாரும் தாண்டிப்போகிற இடம். வடித்த சாற்றை மூடி, பிரிட்ஜில் 24 முதல் 48 மணி நேரம் அசைக்காமல் வைத்திருங்கள். உங்கள் பாட்டிலில் பார்த்த அந்தத் துகள் இப்போதே பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும், கூடவே வண்டலும். மேலே உள்ள தெளிவை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஊற்றிக்கொண்டு அடியில் தங்கியதைக் கொட்டிவிடுங்கள். கடைசி அரைக் கிண்ணம் வீணாகிறதே என்று சாய்க்கப் போனால் எல்லாம் கலங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் காபி வடிகட்டும் தாளில் ஒருமுறை விடலாம், பொறுமை இருந்தால்.

சர்க்கரை உங்கள் இஷ்டம். பாதுகாப்புக்கும் சர்க்கரைக்கும் இதில் சம்பந்தமே இல்லை, ஜாமுக்கு வேறு கணக்கு. பழுத்த திராட்சைச் சாற்றில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 15 கிராம் இயற்கைச் சர்க்கரையே இருக்கிறது, தண்ணீர் சேர்த்து எடுத்ததில் கொஞ்சம் குறையும். நான் போடுவதில்லை.

தெளிந்த சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றி, கொதி வரத் தொடங்கியதும் இறக்கி, சூடான ஜாரில் உடனே ஊற்றுங்கள். ஜாரைப் பக்கத்து அடுப்பில் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு வைத்திருந்து அப்படியே எடுக்க வேண்டும். மேலே கால் அங்குலம் இடம் விடுங்கள், வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள், தட்டை மூடியை வைத்து வளையத்தை விரல்நுனி இறுக்கத்துக்கு மட்டும் திருகுங்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழி வேண்டும், அதனால் பலம் காட்ட வேண்டாம். அண்டாவில் ஜாரின் மூடிக்கு மேல் குறைந்தது ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் மறுபடி கொதி வந்த பிறகுதான் நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். அரை லிட்டர், ஒரு லிட்டர் அளவு ஜாருக்கு 5 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் என்றால் 10, 1800 மீட்டரைத் தாண்டினால் 15. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதை ஈடுகட்டத்தான் கூடுதல் நேரம்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு ஜாரை நேராகத் தூக்கித் துணி விரித்த மேசையில் இடைவெளி விட்டு வையுங்கள். மேலே தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று சாய்க்காதீர்கள், அது தானே காய்ந்துவிடும். ஒரு இரவு முழுக்கத் தொடாதீர்கள். ஆறும்போது டக், டக்கென்று மூடிகள் உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும், எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

சுடச்சுட_ஊற்று பதில்:

இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை சகோ. நாங்கள் காலங்காலமாகச் செய்வது: சாறு கொதிக்கும்போதே பாட்டிலில் வழிய ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு கனமான துணியால் போர்த்திவிடுவது. ஆறியதும் நிமிர்த்தினால் மூடி கச்சிதமாகப் பிடித்திருக்கும். அண்டா, கம்பித்தட்டு, இடுக்கி எதுவும் வேண்டாம். கொதித்த சாற்றில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? அதை மறுபடி கொதிநீரில் போட்டு வேகவைத்தால் இருக்கிற மணமும் போய்விடும். மேலே சொன்னவர் மணம் போகும் என்று தளதளவென்று கொதிக்கவிட வேண்டாம் என்கிறார், பிறகு அதே சாற்றை இரண்டாம் முறை சூடாக்கி மூன்றாம் முறை அண்டாவிலும் போடச் சொல்கிறார், எனக்குப் புரியவில்லை.

நுண்ணுயிர்_நோட்டம் பதில்:

சுடச்சுட_ஊற்று கேட்டது நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கவிழ்க்கிற பழக்கம் ஆதாரமில்லாத ஒன்றல்ல. பழச்சாறு ஆலைகளில் சூடாக நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்தோ படுக்கவைத்தோ நகர்த்துவார்கள், உள்ளே இருக்கிற சூடான சாறு மூடியின் உட்பக்கத்தைத் தொட்டு அதைச் சுத்தமாக்கட்டும் என்று. ஆனால் அங்கே சாற்றின் வெப்பம் ஒவ்வொரு நொடியும் அளக்கப்படுகிறது, பாட்டில் அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் கணக்கிட்டு வைத்தது. வீட்டில் கரண்டியில் மொண்டு, புனலில் ஊற்றி, மூடியைத் தேடி எடுத்துத் திருகுவதற்குள் சாறு எத்தனை டிகிரி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் ஒன்றாக இருக்காது. கொடிப்பந்தலின் நண்பர் கொடுத்த பாட்டில்களில் சில நன்றாக இருந்து சில நுரைத்ததற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். இன்னொன்று, கேனிங் மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் போன்ற பூச்சு சூட்டில் இளகி, ஆறும்போது கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கவிழ்த்தால் சாறு இடையில் புகுந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். பார்க்க இறுக்கமாக இருக்கும், பிடிப்பு பலவீனமாக இருக்கும்.

மூடி இறுகுவது வேறு, உள்ளே இருப்பது சாவது வேறு. சூடான திரவம் ஆறினால் எந்த மூடியும் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அது சாறு கெடாது என்பதற்குச் சான்று ஆகாது. கொதிநீரில் மூழ்கவைக்கும் அந்த 5 நிமிடம் மூடி, ஜாரின் வாய், மேலே இருக்கிற கால் அங்குலக் காற்று மூன்றையும் சேர்த்துச் சூடாக்கி, காற்றையும் வெளியே தள்ளுகிறது. ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்த ஈஸ்ட் அங்கேதான் இருக்கும்.

மணத்தைப் பற்றி: அடைத்த ஜாருக்குள் மணம் வெளியே போக வழி குறைவு. மணத்தைத் தின்பது திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்க விடுவதுதான், 5 நிமிடம் அண்டாவில் இருப்பது அல்ல.

இப்போது கேள்வியில் கேட்ட ஆபத்து. வீட்டு கேனிங்கில் எல்லாரும் அஞ்சுவது கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவை. அதன் வித்து கொதிநீரில் சாகாது, காற்றில்லாத ஜாருக்குள் முளைத்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். பீன்ஸ், சோளம், இறைச்சி போன்றவற்றுக்குக் கொதிநீரைவிடக் கூடுதல் சூடு தரும் பிரஷர் கேனர் கட்டாயம் என்பது இதனால்தான். ஆனால் பி.எச். (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருக்கும் புளிப்பில் அது முளைக்காது. திராட்சை பெரும்பாலும் 2.8க்கும் 3.8க்கும் நடுவில் இருக்கும். ஆகவே வெறும் திராட்சைச் சாற்றில் அந்தப் பயம் வேண்டாம். சத்து கூடட்டும் என்று காரட், பீட்ரூட் சாற்றைக் கலந்து அடைக்காதீர்கள், அப்போது இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். குடிக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.

திராட்சையின் உண்மையான எதிரிகள் ஈஸ்ட்டும் பூஞ்சையும். புளிப்பு அவற்றைத் தடுக்காது, சர்க்கரையோ அவற்றுக்கு விருந்து. பழத்தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கும். ஒன்று தப்பிப் பிழைத்தாலும் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கும், அதுதான் நீங்கள் பார்த்த நுரையும் உப்பிய மூடியும். ஈஸ்ட் சூட்டுக்குச் சுலபத்தில் சாகும். பூஞ்சை அப்படியல்ல, பிஸ்ஸோக்லாமிஸ் என்று ஒரு வகை உண்டு, மண்ணிலிருந்தும் அழுகல் பழத்திலிருந்தும் வரும், அதன் வித்து பழச்சாற்றைப் பதப்படுத்தும் சூட்டையே தாங்கிவிடும், ஆலைக்காரர்களுக்கே தலைவலி. அதனால்தான் பழரசப்பிரியை சொன்ன முதல் வேலை, அழுகலைப் பொறுக்கி எறிந்து நன்றாக அலசுவது, அடுப்பு வேலையைவிட முக்கியம் என்பேன். தரையில் விழுந்த பழம் சாறுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக அந்தப் பளபளத் துகள். அது கண்ணாடி இல்லை, கெட்டதும் இல்லை. திராட்சையில் தாராளமாக இருக்கும் டார்டாரிக் அமிலம், பழத்திலேயே இருக்கிற பொட்டாசியத்தோடு சேர்ந்து உண்டாகிற உப்பு, பொட்டாசியம் பைடார்ட்ரேட். கேக் செய்பவர்கள் வாங்கும் கிரீம் ஆஃப் டார்டார் சாட்சாத் இதுதான். சூட்டில் கரைந்திருக்கும், குளிர்ந்தால் படிகமாக இறங்கும். பிரிட்ஜில் வைத்துத் தெளியவிடும் வேலை இதற்காகத்தான். இதே சாற்றில் ஜெல்லி செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது, பல்லில் நறநறக்கும்.

கொடிப்பந்தல்:

அடேயப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. குழந்தைக்குக் கொடுக்காமல் வைத்த பாட்டில்களில் துகள் மட்டும் இருப்பவை பிரச்சினை இல்லை என்று புரிந்துகொள்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். மசித்து வடிப்பதற்குப் பதிலாக, முழுப் பழத்தையே ஒரு கிண்ணம் அளவு ஜாரில் போட்டு, சர்க்கரையும் கொதிநீரும் ஊற்றி மூடி வைத்தால் சில வாரத்தில் தானே சாறாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், மிகச் சுலபமாக இருந்தது. அது சரியா? அப்புறம், சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளைப் போட்டால் அண்டா வேலையைத் தவிர்க்கலாமா? வெண்திராட்சைக்கும் இதே முறைதானா?

ஆவிப்பானை பதில்:

முழுப் பழ முறையை நானும் செய்து பார்த்ததுண்டு. வேலை குறைவு, உண்மை. கிடைப்பது சாறு என்று சொல்ல மனம் வராது, திராட்சை வாசம் உள்ள சர்க்கரைத் தண்ணீர். கூடவே, ஜாரில் பாதி தண்ணீர், முழுப் பழம் வழியாகச் சூடு உள்ளே போகும் வேகமும் வேறு. மேலே சொன்ன 5 நிமிடக் கணக்கு வடித்த சாறுக்கானது, அதை இங்கே பொருத்தக் கூடாது. திராட்சையை முழுசாகவே அடைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாகச் சோதித்த செய்முறையும் தனி நேரமும் உண்டு, அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

உங்களுக்குப் பழம் நிறைய வரும் என்றால் என் சிபாரிசு ஆவியில் சாறு இறக்கும் பாத்திரம். மூன்று அடுக்கு: அடியில் தண்ணீர், நடுவில் சாறு சேர்கிற பாத்திரம், மேலே பழம் போடும் துளைத்தட்டு. ஆவி நடுவில் உள்ள குழல் வழியாக ஏறிப் பழத்தை வேகவைக்கும், தோல் வெடித்துச் சாறு கீழே சொட்டும், பக்கத்தில் உள்ள ரப்பர் குழாயைத் திறந்தால் சுடச்சுட வடியும். காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளும் வேலைகூட மிச்சம், நான் கொத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டுவிடுவேன், விதை உடைவதில்லை, மசிப்பதும் இல்லை. துணியில் வடிக்கிறதைவிட ஓரளவு தெளிவாகவே வரும். ஆவி கொஞ்சம் கலந்துவிடுவதால் சாறு சற்று நீர்த்திருக்கும், அது ஒரு குறை. இன்னொன்று, அடிப்பாத்திரத் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வற்றினால் பாத்திரம் கருகி வீடு முழுக்க நாறும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆவிப் பாத்திரக்காரர்கள் பலர் குழாயிலிருந்து நேராக ஜாரில் பிடித்து மூடிவிட்டு "அதுவே கேனிங்" என்று முடித்துவிடுகிறார்கள். குழாய் வழியாக வருவதற்குள் சூடு இறங்கிவிடும். நான் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, குளிரவைத்துத் தெளியவிட்டு, மறுபடி கொதி வரவைத்து, பிறகு அண்டாவில் 5 நிமிடம், பழரசப்பிரியை சொன்ன அதே வழிதான்.

வெண்திராட்சைக்கும் அதே முறை. நிறம் மட்டும் காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறும், வெட்டிய ஆப்பிள் கறுக்கிற அதே வேலை. சீக்கிரமாகச் சூடேற்றினால் பழுப்பாவது நின்றுவிடும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால் நிறமும் நிற்கும், சப்பென்று இனிக்கிற வெண்திராட்சைக்குக் கொஞ்சம் புளிப்பும் கிடைக்கும்.

நுண்ணுயிர்_நோட்டம் பதில்:

பென்சோயேட் பற்றி. அது புளிப்பான சாற்றில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் செய்வது கிருமி வளர்வதைத் தடுப்பது, கொல்வது அல்ல. திறந்து திறந்து மூடும் ஸ்குவாஷ் பாட்டிலுக்கு அது பொருந்தும். ஜாரில் அடைத்து முறையாகச் சூடாக்கிய சாறுக்குத் தேவையே இல்லை, அதைப் போட்டுவிட்டோம் என்று சூட்டைக் குறைப்பதும் தப்பு. அளவும் மிகச் சின்னது, வீட்டுத் தராசில் கிராமுக்குக் கீழே துல்லியமாக நிறுக்க முடியாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சிலர் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற இன்னொரு பதப்பொருளைப் போடச் சொல்வார்கள். கருந்திராட்சைக்கு அது ஆகாது, அதிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு தோலின் நிறமியான ஆந்தோசயனினை வெளுக்கவைத்துவிடும், நிறத்துக்காகவே சாறு எடுக்கிற உங்களுக்கு அது எதற்கு? ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளவும் செய்யாது.

சுடச்சுட_ஊற்று:

சரி, கவிழ்ப்பது பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பாட்டிலே ஆகாது, கேனிங் ஜார்தான் வேண்டும் என்றால் எப்படி? எங்களிடம் சாஸ், தேன் பாட்டில்கள் நிறையக் கிடக்கின்றன, அவற்றை அண்டாவில் போடலாமா?

பழரசப்பிரியை பதில்:

வேண்டாம். அந்தக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்கும்படி செய்ததல்ல, வாய்ப்பகுதியின் அளவும் கேனிங் மூடிக்குப் பொருந்தாது. அண்டாவுக்குள் வெடித்தால் சாறும் போச்சு, அந்தத் தண்ணீரில் கைவிடவும் முடியாது. அந்தப் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் குடித்துவிடுங்கள். கேனிங் ஜாரையும் வளையத்தையும் வருடக்கணக்கில் திரும்பப் பயன்படுத்தலாம், தட்டை மூடியை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஜாரின் வாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் அது இனி பருப்பு போட்டுவைக்கத்தான்.

மைக்ரோவேவிலும் ஓவனிலும் ஜாரைச் சூடாக்கி மூடும் வித்தையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்று தண்ணீரைப் போல் சூட்டைக் கடத்தாது, ஒரு ஜார் வெந்து இன்னொன்று பாதியில் நிற்கும். அதுவும் வேண்டாம்.

பழையகதை_பிரியன்:

இடையில் ஒரு சின்னக் கிளைக்கதை, மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் சண்டை போடுகிற இந்த நுரைப் பிரச்சினையில்தான் திராட்சைச் சாறு என்ற வியாபாரமே பிறந்தது. 1869ல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் வைன்லேண்டில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத்தில் நற்கருணைக்கு மதுவுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாறு வேண்டும் என்று யோசித்தார். மதுவைச் சூடாக்கினால் கெடாது என்று லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்து அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. வெல்ச் அதையே கான்கார்ட் திராட்சையின் சாற்றில் செய்தார், பாட்டிலில் அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்து. ஆக அந்த அண்டா இந்தச் சாற்றுக்குப் பிறவித் துணை. அதற்கும் முன்னால், பாஸ்டருக்கு முன்பே, பிரான்சில் நிக்கோலா அப்பேர் கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைக்கும் முறையைச் செய்துகாட்டி 1810ல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

கொடிப்பந்தல்:

கதை பிரமாதம். கடைசிக் கேள்வி, பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன். உப்பிய மூடியோடு இருக்கிற அந்தப் பாட்டில்களை என்ன செய்வது? நுரைத்தது வைன்தானே, வீணாக்காமல் வினிகராக்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். அடைத்த பிறகு மூடி பிடித்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது, எவ்வளவு நாள் வைக்கலாம்?

நுண்ணுயிர்_நோட்டம் பதில்:

வினிகர் ஆசையை விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே வளர்ந்தது ஈஸ்ட் மட்டும்தான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூஞ்சையும் இருந்தால் சிலவகை நச்சு விடும், அதோடு பூஞ்சை அமிலத்தைத் தின்று சாற்றின் புளிப்பையே குறைத்துவிடும், அப்போது நான் மேலே "பயம் வேண்டாம்" என்று சொன்னது பொருந்தாமல் போய்விடும். மேலே படிந்த பூஞ்சையைக் கரண்டியால் எடுத்துவிட்டுக் குடிப்பது, மறுபடி கொதிக்கவைத்துக் குடிப்பது, ருசி பார்த்து முடிவு செய்வது, மூன்றுமே கூடாது. வினிகர் வேண்டுமானால் நல்ல சாற்றில் தனியாகத் தொடங்குங்கள்.

அந்தப் பாட்டில்களுக்குள் அழுத்தம் இருக்கும், கண்ணாடி என்பதால் அலட்சியம் வேண்டாம். முதலில் பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். பிறகு வெளியே எடுத்துப்போய், கனமான துணியால் முழுக்கச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொட்டிவிடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பழரசப்பிரியை பதில்:

மூடி பார்க்கிற விதம் சுலபம். 12 முதல் 24 மணி நேரம் ஆறிய பிறகு நடுவில் விரலால் அழுத்துங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. டிக்கென்று அமுங்கி மேலே வந்தால் பிடிக்கவில்லை, அந்த ஜாரை பிரிட்ஜில் வைத்து முதலில் குடியுங்கள். 24 மணி நேரத்துக்குள் என்றால் புது மூடி போட்டு, சாற்றை மறுபடி சூடாக்கி, முழு நேரமும் அண்டாவில் வைத்தும் எடுக்கலாம். பிடித்த ஜாரின் திருகு வளையத்தைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் துடைத்து வையுங்கள். வளையத்தோடு வைத்தால் சிந்திய சாறு அதற்கடியில் ஒட்டித் துருப்பிடிக்கும், பின்னாளில் மூடி விட்டுப்போனாலும் வளையம் அதை மறைத்துவிடும்.

தேதி எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த அலமாரியில் வைத்து, ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் கெட்டுவிடும் என்றில்லை, நிறம் செங்கல் பக்கமாகப் போய் மணமும் மங்கும். வெளிச்சத்தில் அடுக்கி அழகு பார்த்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். திறந்த ஜாரை பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடியுங்கள். எத்தனை வடித்தாலும் கொஞ்சம் துகள் அடியில் சேரத்தான் செய்யும், ஊற்றும்போது குலுக்காமல் ஊற்றினால் சரி.